நாலாம் நம்பர் சொன்னது

பொழுது சாய்ந்த சிறிது நேரத்தில் என் திரையில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக விழ ஆரம்பித்தன. ஆறு குட்டிச் செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றிக்கொண்டே, உயரத்தில் உள்ள மின்னேறிய காற்று எங்கே அடர்த்தி, எங்கே மெலிவு என்று அளந்து அனுப்புகின்றன. எங்கள் கணினி அதற்கு முன்பே தானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கும். கணக்கையும் அளவையும் கலந்தால் வானத்தின் அன்றைய படம் கிடைக்கும். அளவு கணக்கோடு ரொம்பவும் முரண்டு பிடித்தால் சிவப்புப் புள்ளி வைத்து ஒதுக்கிவிடும். தான் நினைத்ததையே திருப்பிச் சொல்கிறவர்களை மட்டும் நம்பும் இந்தச் சுபாவம் என் மாமனாருக்கும் உண்டு. கணினி சமர்த்தாக இருக்கட்டும் என்று எல்லா அலுவலகத்தையும் போல நாங்களும் அதன் தலையில் ஒரு பச்சைக் குவாய்குவாய் நொறுக்குத்தீனிப் பொட்டலம் வைத்திருக்கிறோம்; அந்தப் பெயருக்கே ‘சமர்த்தாயிரு’ என்றுதான் அர்த்தம். சமர்த்து கூடிப்போனதுதான் தொல்லை.

புள்ளிகள் எல்லாமே நாலாம் நம்பர் செயற்கைக்கோள் அனுப்பியவை.

"அத விடும்மா ஜூ-யின்," என்றார் பிரிவுத் தலைவர் ஷென், தேநீர் முட்டையை உரித்தபடி. "போன வாரமே அதோட கடிகாரம் மக்கர் பண்ணிச்சு. நாலுன்னு பேர் வச்சா வேற எப்படி இருக்கும்?"

விளையாட்டாகச் சொன்னாலும் பாதி நிஜம். எங்கள் மொழியில் நாலு என்றாலே சாவு என்பதுபோல ஒலிக்கும்; எங்கள் சிஞ்சு நகரில் நாலாம் மாடி வீட்டை வாடகைக்கு விடுவதே பாடு. ஆறாம் நம்பர் இரண்டு முறை கெட்டபோது பரிவோடு பழுது பார்த்த நாங்கள், நாலாம் நம்பரை ஒரே தவறில் கை கழுவிவிட்டோம்.

"கடிகாரம் கெட்டா எல்லா இடத்துலயும் தப்பா சொல்லணும் சார். தெற்க லூசான் தீவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரியா சொல்லிட்டு, நடுவுல மட்டும் எப்படி?"

"கெட்டுப்போன சாமான்கிட்ட போய் நியாயம் கேக்குற பாரு."

எனக்கு மனம் கேட்கவில்லை. பொய் சொல்கிறவன் இவ்வளவு ஒழுங்காகவா சொல்வான்? ஒதுக்கும் விதியை நிறுத்திவிட்டு, சிவப்புப் புள்ளிகளையும் சேர்த்து, பக்கத்துக் கணினியில் ஒரு படம் போட்டேன். சோயாப் பாலின் ஆடை கிழிந்ததுபோல வானத்தில் ஒரு நீளக் கிழிசல் தெரிந்தது. அது வடக்கே ஏறிக்கொண்டிருந்தது, எங்கள் மேற்குக் கரையின் சாங்ஹுவா கடலை நோக்கி.

"பொய்யை வச்சு அழகா படம் போட்டிருக்க," என்றார் ஷென். "இதுக்கு எச்சரிக்கை குடுத்தா நாளைக்கு விமான நிலையத்துக்கு யார் பதில் சொல்றது? அடுத்த செயற்கைக்கோள் அந்தப் பக்கம் வரட்டும், பாப்போம்."

அது வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாங்ஹுவா கடலில் என் தம்பி போ-ஷுன் இருக்கிறான். காற்றாலைக் கோபுரங்களுக்கும் கப்பலுக்கும் நடுவே பாலம் நீட்டி ஆட்களை ஏற்றி இறக்குவது அவன் வேலை. கப்பல் நங்கூரம் போடுவதில்லை; வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் சொல்லும் இடத்தை நம்பி, இயந்திரத்தாலேயே அசையாமல் நிற்கும். வானம் கிழிந்தால் அந்த இடமும் பிசகும்; கப்பல் அந்தப் பொய் இடத்தைத் துரத்தி நகர்ந்துகொண்டே, தான் அசையவில்லை என்று நினைக்கும். அழைத்தேன்.

"ரெண்டு பேர இறக்கணும்க்கா, அப்புறம் பேசவா?"

"இரு. கொஞ்சம் பொறுத்து இறக்கு. வானம் சரியில்ல."

"ஆபீஸ் எச்சரிக்கையா?"

"இல்ல. நான் சொல்றது."

"போன மாசமும் சூரியப் புயல்னு சொல்லி என்னைய கல்யாணத்துக்கு ரயில்ல வர வச்ச. வானம் பாட்டுக்கு சும்மா கெடந்துச்சு. இவனுங்க காலையிலேர்ந்து மேல நிக்கிறானுங்க. அலை வேற ஏறுது. இப்ப விட்டா ராத்திரி பூரா அங்கதான்."

எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு நடுவிலும் நாலாம் நம்பர் சொன்னது நிஜமா என்று தெரிந்துகொள்ள ஆசை துடித்தது. அதுதான் வெட்கமாக இருந்தது.

"கப்பல் நிக்குதான்னு பாக்க வேற ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"ஒரு கருவி இருந்துச்சு. பழுதுக்குப் போயிருக்கு."

"அப்ப திரையைப் பாக்காத. கோபுரத்தையே பாரு. கொஞ்ச நேரம் கண்ணால பாத்துட்டு அப்புறமா ஆள விடு. எனக்காக."

அவன் பெருமூச்சு விட்டான். கோபுரத்தில் இருப்பவர்களைப் பொறுக்கச் சொன்னதும், யாரோ பதிலுக்குத் திட்டியதும் காதில் விழுந்தது. ஷென் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"திரை என்ன சொல்லுது?"

"பச்சை. கப்பல் ஒரு அடி கூட அசையலையாம். கேப்டன் என்னையப் பாத்து சிரிக்கிறாரு."

"பாத்தியா," என்றார் ஷென் மெல்ல.

அதற்குப் பிறகு வெகுநேரம் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. சிவப்புப் புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. திடீரென்று அங்கே இயந்திரம் உறுமியது. பாலத்தை உள்ளே இழு என்று யாரோ கத்தினார்கள்.

"அக்கா." அவன் குரல் இறங்கியிருந்தது. "பாலத்துல யாரும் இல்ல. ஆனா கோபுரம் எங்களை விட்டுத் தள்ளிப் போகுதுக்கா. ரெண்டு பேரோட தலை விளக்கும் சின்னதாயிட்டே போகுது. திரை இன்னும் பச்சையாத்தான் இருக்கு."