உள்ளங்கைத் தெல்லா

கதவோரத்து வெளிச்சத்தில் தெப்ரித்து கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க ரோஸ் நிறம். விருந்துக்கு வறுக்கலாமென்று வெள்ளைத் துணி கட்டிய மூட்டையிலிருந்து இப்போதுதான் இரண்டு பிடி பார்லி அள்ளியிருந்தாள். துணி கட்டியது தின்பதற்கு, கயிறு கட்டியது விதைப்பதற்கு. விதை பார்லிக்கு மட்டும்தான் பூச்சிமருந்து தடவிச் சாயம் ஏற்றித் தருவார்கள்.

இதே மூட்டையிலிருந்துதான் மூன்று வாரத்துக்கு முன் தெல்லாவுக்கு, அதாவது வீட்டில் வடிக்கிற பீருக்கு, முளைகட்ட இருட்டில் எடுத்தாள். ஊறவைத்த தண்ணீர் சிவந்தபோது செம்மண் என்று நினைத்து வடித்துக் கொட்டிவிட்டாள். கண்ணிருந்தும் குருடி! அந்த பீர் மூலையில் பெரிய பானையில் வாய் மூடியபடி புளித்துக்கொண்டிருந்தது. இன்னும் யாரும் ருசி பார்க்கவில்லை, அது ஒன்றுதான் நல்ல காலம். மதியம் புனித மிக்காயேல் பேரில் வைக்கிற விருந்துக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். மாதம் ஒரு வீடு, இந்த மாதம் இவள் முறை.

"ஏங்க, மூட்டைக் கட்டை மாத்துனது நீங்களா?"

புருஷன் அலெம்னே வந்து பார்த்தான். முகம் வெளிறிப்போனது. "விதைக்கு அளக்கும்போது ரெண்டையும் அவுத்தேன். அவசரத்துல மாத்திக் கட்டிட்டேன் போல."

"பன்னெண்டு உசுருங்க."

"சத்தம் போடாத. மூணு படிதானே போட்ட? மீதி நல்ல தானியம். ஊறவெச்சு, காயவெச்சு, இடிச்சதுல மருந்தெல்லாம் போயிருக்கும். பக்கத்து வீட்டு போசேனாகிட்ட ரெண்டு குடம் வாங்கிக் கலந்துட்டா ஒண்ணும் தெரியாது."

ஒரு நிமிஷம் அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. தெல்லா இல்லாமல் விருந்து வைத்தவள் என்று ஊர் ஆயுசுக்கும் பேசும். ஆனால் ஊற்றுகிறவள் முதலில் தன் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு, எல்லோர் முன்னாலும் குடித்துக் காட்டவேண்டும். விஷமில்லை என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் வாய் வைப்பார்கள்.

பானையைத் திறந்து ஒரு குவளை மொண்டாள்.

"சரி, இன்னைக்கு நீங்க ஊத்துங்க. இப்ப எனக்குக் குடிச்சுக் காட்டுங்க."

அலெம்னே சிரிக்கப் பார்த்தான். கையை நீட்டினான். அவள் ஊற்றினாள். வாய்வரை கொண்டுபோனவன் அப்படியே நின்றான். விரலிடுக்கு வழியாக எல்லாம் தரையில் வழிந்தது.

"மாடு வாய் வைக்காத இடமாப் பாத்துக் குழி தோண்டுங்க," என்றாள்.

மதியம் வந்தவர்களுக்கு முன்னால் தண்ணீர்க்குடத்தை வைத்தாள்.

"என்னடி, மிக்காயேலுக்குப் பச்சைத் தண்ணியா? பார்லியெல்லாம் எலி தின்னுருச்சா?" என்றாள் போசேனா. சிலர் சிரித்தார்கள்.

தெப்ரித்து எதையும் மறைக்கவில்லை. மூட்டையை, சிவந்த தண்ணீரை, புதைத்த பானையை, எல்லாவற்றையும் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு வழக்கப்படி உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குடித்தாள். எப்போதும் அவள் கையை இறக்குவதற்குள் குவளைகள் நீளும். இன்று பன்னிரண்டும் மடியிலேயே இருந்தன. எல்லோரும் அவள் தொண்டையையே பார்த்தார்கள். அவளுக்கு அழுகை முட்டியது. மறுபடியும் ஊற்றிக் குடித்தாள்.

கடைசியில் போசேனாதான் குவளையை நீட்டினாள்.

"ஊத்துடி," என்றாள்.