அதே தீம், வேற கலர்

சௌந்தர்யாவின் பார்லருக்கு வெப்சைட் வந்துவிட்ட செய்தியை எனக்குக் கொண்டுவந்தது என் வீட்டுக்காரர்தான். நேரம் காலம் தெரியாத மனுஷன். செராமிக் எஸ்டேட்டில் ஃப்யூஸ் கட்டை செய்யும் யூனிட்டில் சூப்பர்வைசர். மதியம் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் குழி பறித்துக்கொண்டே, "சௌந்தர்யா கடைய கம்ப்யூட்டர்ல பாக்கலாமாமே, யூனிட்டுல பொம்பளைங்க பேசிக்கிறாங்க" என்றார்.

"பாத்துக்குங்க. போயி நல்லா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, ஊற்ற எடுத்த சாம்பாரை அடுப்படிக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டேன். அன்றைக்கு அவர் மோர் ஊற்றித்தான் சாப்பிட்டார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் பெண்களுக்கென்று முதலில் பார்லர் வைத்தவள் நான். சுலோச்சனா பியூட்டி பார்லர், பாலக்கரைப் பக்கம், மாடியில். கல்யாணப் பெண் அலங்காரம் என்றால் பதினோரு வருஷம் என்னைத்தான் கூப்பிட்டார்கள். சௌந்தர்யா என்னிடம் வேலைக்கு வந்தவள். அதற்கு முன்னால் எஸ்டேட்டில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள். நான்தான் கூட்டிவந்து த்ரெட்டிங், ஃபேஷியல், கொண்டை எல்லாம் கற்றுக்கொடுத்தேன். மை போட மட்டும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே இழுப்பு. நான் மூன்று தடவை துடைத்துத் துடைத்துப் போடுகிற கண்ணை அவள் மூச்சு விடுவதற்குள் முடித்துவிடுவாள். ஆறாவது வருஷத்தில், "கண்ணு மட்டும் அந்தப் பொண்ணு போடட்டுமே" என்று என் கடைக்கு வந்தவர்கள் என்னிடமே கேட்க ஆரம்பித்தார்கள். நான் ஹேர்பின் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கடை என்னுடையது, டப்பாவும் என் கையில்.

2007 தையில், முகூர்த்தம் தொடங்க நாலு நாள் இருக்கும்போது, கடைச் சாவியைக் கீழே இருக்கும் டெய்லரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மாசியில் ஜங்ஷன் ரோட்டில் அவள் பேரில் கடை. அதற்கப்புறம் பேச்சு கிடையாது. எதிரில் வந்தால் நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன். மன்னிப்பு கேட்டு மூன்று தடவை ஆள் அனுப்பினாள். மூன்று பேரையும் படியேற விடவில்லை.

இரண்டு வருஷத்தில் என் கல்யாண ஆர்டர் பாதிக்கும் கீழே போயிருந்தது. உள்ளூர்க்காரர்கள் அவளிடம் போனால் போகட்டும். மங்கலம்பேட்டை இருக்கிறதே, அங்கே வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ குவைத்திலோ இருப்பார். தங்கச்சி கல்யாணத்துக்கு எந்தப் பார்லர் என்று அங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்து முடிவுசெய்கிறவர்கள். அவர்களும் அவளிடம் போய்விட்டால் வரப்போகும் ஆவணி முகூர்த்தத்தோடு நான் கடையைச் சாத்த வேண்டியதுதான். அப்புறம் ஊரில் நான் யார்? ஃப்யூஸ் கட்டை சூப்பர்வைசர் வூட்டம்மா. 

மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆனந்தராஜின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஊரில் வெப்சைட் செய்து கொடுப்பது அவன் ஒருவன்தான். அவளுக்குச் செய்ததும் அவன்தான்.

"மொதல்ல அவளோடத காட்டு" என்றேன்.

காட்டினான். இளம் ஊதா நிறம். மேலே அவள் பெயர் வளைந்து வளைந்து ஓடியது. மூன்று கல்யாணப் பெண்கள் ஒருத்தி போனால் ஒருத்தி என்று மாறி மாறி வந்தார்கள், மூன்று பேருக்கும் அந்தக் கண். மவுஸை நகர்த்தினால் பின்னாலேயே மல்லிகைப்பூ உதிர்ந்தது. அடியில் ஒரு சின்னக் கட்டத்தில் 412 என்று இருந்தது.

"இது என்னா?"

"இதுவரைக்கும் எத்தினி பேரு பாத்திருக்காங்கன்னு காட்டுங்கக்கா."

வீட்டுக்குப் போகவே மனசில்லை. ஒரு மணி நேரம் அதையே மூடி மூடித் திறந்தேன். 419 ஆகிவிட்டது. "பாருடா, நாம உக்காந்திருக்கறப்பவே ஏழு பேரு பாத்துட்டாங்க" என்று வயிற்றெரிச்சலோடு சொன்னேன். அந்த ஏழு பேரும் நான்தான் என்று ஆனந்தராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

அடுத்த நான்கு நாளும் தீம் பார்த்தோம், வெப்சைட்டுக்கென்று தயாராக இருக்கும் டிசைன்களுக்கு அதுதான் பேராம். வெள்ளைக்காரி கண் மேல் வெள்ளரிக்காய் வைத்துக்கொண்டு படுத்திருப்பது ஒன்று. "கண்ணையே மூடிட்டா மை போட்டது எப்படித் தெரியும்?" என்று தள்ளினேன். மூன்று கூழாங்கல்லை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி மெழுகுவத்தி ஏற்றியது இன்னொன்று. "கல்லு ஆத்துல கெடக்குது, அதுக்கு எதுக்கு பார்லரு?" ரோஸ் கலரில் ஒன்று நன்றாகத்தான் இருந்தது, என் பெயரையும் போட்டுக் காட்டினான். ஆனால் அதைப் பார்த்தாலும் பக்கத்துக் கம்ப்யூட்டரில் அவளுடையதைத் திறந்துவைத்துத்தான் பார்த்தேன். எது வந்தாலும் அவளுடையதுதான் அழகாகத் தெரிந்தது. எனக்கு அவள் தீம்தான் வேண்டும் என்று மனசுக்குள் முதல் நாளே தெரியும், வாய்தான் வரவில்லை.

ஐந்தாவது நாள் சொல்லிவிட்டேன். "அதே தீமு. வேற கலரு. அவளுக்கு மூணு போட்டோன்னா எனக்கு ஆறு. அவளுக்கு மல்லின்னா எனக்கு ரோஜா. பேரு இன்னும் பெருசா ஓடணும்."

"அப்படியே அவங்களோடத காப்பி எடுத்து மாத்திடறேன்க்கா, ஒரே நாளு வேலை" என்றான் ஆனந்தராஜ். இரண்டு வாரம் வேலை வாங்கினேன். அரக்கு நிறம் இரத்தம் மாதிரி இருக்கிறது என்று குங்குமத்துக்கு மாற்றினேன், அப்புறம் திரும்ப அரக்குக்கே வந்தேன். ரோஜா வேகமாக உதிர்கிறது என்றேன். அவள் பெயர் இரண்டு விரல்கடை என்றால் என் பெயர் மூன்று விரல்கடை இருக்க வேண்டும் என்று திரையில் விரல் வைத்து அளந்தேன்.

"கான்டாக்ட் பக்கத்த ஒருவாட்டி செக் பண்ணிடுங்கக்கா" என்று அவன் இரண்டு தடவை சொன்னான்.

"அத யாரு பாக்கப்போறா? நீ மொதல்ல அந்த நம்பரு கட்டத்துல ஆயிரத்துலேர்ந்து ஆரம்பிக்கிற மாதிரி செய்யி."

செய்தான். வைகாசி கடைசியில் சுலோச்சனா பியூட்டி பார்லர் ஆயிரத்து ஒரு பார்வையாளர்களோடு இன்டர்நெட்டில் ஏறியது.

பத்து நாள் சத்தமே இல்லை. அப்புறம் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு போன். "வெப்சைட்ல பாத்தோம்ங்க, ஆவணி முகூர்த்தத்துக்கு வருவீங்களா?" எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பின்னாலேயே நெய்வேலி, பெண்ணாடம் என்று வந்தது. மங்கலம்பேட்டையிலிருந்து பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று. ஒவ்வொரு போன் வரும்போதும் எனக்கு ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தைவிட, இது அவளுக்குப் போகவில்லை என்ற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது. வீட்டுக்காரருக்கு ராத்திரி சாம்பாரில் இரண்டு கரண்டி சேர்த்தே ஊற்றினேன்.

ஆடியில் நம் வீடுகளில் கல்யாணம் கிடையாது. மங்கலம்பேட்டைப் பெரிய வீடு முஸ்லிம் வீடு, அவர்களுக்கு ஆடியும் ஒன்றுதான் ஆவணியும் ஒன்றுதான். காலையிலேயே போய்ப் பெண்ணை உட்கார வைத்தேன். ஃபவுண்டேஷன் முடித்து மை எடுத்தபோது பெண்ணின் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்க மவன் துபாய்லேர்ந்து போன் போட்டப்ப ஒங்க தங்கச்சிதான் எடுத்துச்சாம். எவ்வளவு மரியாதையா பேசுச்சுன்னு இன்னும் சொல்லிட்டே இருக்கான்" என்றார். "'பெரிய கல்யாணம்னா எங்க அக்காதான் செய்யணும், அவங்க கைராசி வேற யாருக்கும் வராது'ன்னு சொல்லி ஒங்க நம்பர அதுதான் குடுத்துச்சு."

எனக்குத் தங்கச்சி கிடையாது. கூடப் பிறந்தது ஒரே ஒரு அண்ணன், பெங்களூரில்.

"எந்த நம்பருக்கு அடிச்சாங்க?" என்று கேட்டேன். டைரியைக் கொண்டுவந்து காட்டினார். எனக்கு மனப்பாடமான நம்பர். சௌந்தர்யா என்னிடம் வேலை பார்த்தபோது என் பேரில் நான் வாங்கிக் கொடுத்த சிம். அந்தப் பெண்ணின் கண்ணை நாலு தடவை துடைத்துத் துடைத்துப் போட்டு ஒருவழியாக முடித்தேன்.

பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக ஆனந்தராஜிடம் போனேன். கான்டாக்ட் பக்கத்தைத் திறந்தான். மேலே ஆறு பெண்கள் மாறினார்கள், ரோஜா உதிர்ந்தது, என் விலாசம் இருந்தது. அதற்குக் கீழே போன் நம்பர் அவளுடையது. காப்பி எடுத்ததில் அதை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறான்.

"அப்பவே சொன்னேன்க்கா, செக் பண்ணுங்கன்னு. இப்பவே மாத்திடவா?"

"கைய வெக்காத. மொதல்ல அவள ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரேன்."

ஜங்ஷன் ரோடு முழுக்க என்ன கேட்பது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு வந்த போனை எடுக்க நீ யாருடி? எத்தனை ஆர்டரை முழுங்கினே? ஆவணியில் எத்தனை? மிச்சம் மீதியை எனக்குப் பிச்சை போடுறியா? அவள் கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள், நாற்காலியில் ஒருத்தி. ஆடி மாசத்தில் என் கடையில் ஈ ஓட்டுகிறேன், இங்கே நாலு பேர்.

சௌந்தர்யா திரும்பினாள். கையிலிருந்த நூலைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வருவீங்கன்னு தெரியும்க்கா" என்றாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். "மொத போனு வந்து 'சுலோச்சனா பார்லருங்களா'ன்னு கேட்டப்ப ஒண்ணும் புரியல. போயி வெப்சைட்ட பாத்தேன். என் டிசைனயே போட்டிருந்தீங்க. எனக்கு மல்லின்னா ஒங்களுக்கு ரோசா. ரெண்டும் ஒரே வூட்டுக் கடை மாதிரி. கடைசிப் பக்கத்துல பாத்தா என் நம்பரு. அங்கியே ஒக்காந்து அழுதுட்டேன்க்கா. ஆள் அனுப்பியும் பேசல, ஆனா மனசுல என்னை மன்னிச்சிட்டீங்க, வர்ற ஆர்டர பிரிச்சுக் குடுக்கறீங்க, அத வாய்விட்டுச் சொல்லத்தான் ஒங்களுக்கு வரலைன்னு புரிஞ்சிக்கிட்டேன்."

"ஆர்டரு…" என்றேன்.

"ரெண்டு வந்தா ஒண்ணு ஒங்களுக்கு அனுப்பிட்டேன்க்கா. பெரிய எடமெல்லாம் ஒங்களுக்குத்தான். ஒண்ணுல கூட நான் கள்ளம் பண்ணல."

பெஞ்சிலிருந்த அம்மா ஒருத்தி, "இந்தக் காலத்துல யாரும்மா போட்டிக் கடைக்காரி நம்பர தன் கடையில போடுவா? பெரிய மனசு ஒங்களுக்கு" என்றார். மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மா, நான் மன்னிக்கவும் இல்லை, பிரித்துக் கொடுக்கவும் இல்லை, இவளைப் பார்த்து வயிறெரிந்து இவள் டிசைனையே காப்பியடிக்கச் சொன்னேன், நம்பரை மாற்ற ஆனந்தராஜ் மறந்துவிட்டான் என்று. சொன்னால் சாயங்காலத்துக்குள் எஸ்டேட்டுக்கே தெரிந்துவிடும். "அதெல்லாம் என்னா பெரிய விஷயம்" என்றேன். இரண்டு வருஷமாக நான் இறுக்கிப் பிடித்து வைத்திருந்த மன்னிப்பை, என்னிடம் கேட்காமல் கொள்ளாமல் தானே எடுத்துக்கொண்டுவிட்டாள். அதுவும் அவளுக்கு அழகாகத்தான் இருந்தது.

"ஒக்காருங்கக்கா, புருவம் என்னா இப்படிக் கெடக்குது" என்று நாற்காலியில் இருந்தவளை எழுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தாள். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். நூல் ஓடியது. எறும்பு ஊர்வது போலக்கூட இல்லை. என் கையை விட நல்ல கை, அன்றைக்கும் இன்றைக்கும்.

பாதியில் அவள் போன் அடித்தது. "ஆமாங்க, சுலோச்சனா பார்லருதான், சொல்லுங்க" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். "அக்கா, நல்லூர்ல ரைஸ்மில் வச்சிருக்காங்களே, அவங்க வூட்டுக் கல்யாணமாம். ஆவணி பன்னெண்டு. நிச்சயம், கல்யாணம், ரிசப்ஷன் மூணும் சேத்து. நீங்களே சொல்லுங்க, ஒங்களுக்கா எனக்கா?"

அந்த ஒரு ஆர்டர் போதும், ஊரில் மறுபடியும் என் பெயர் நிற்க. எனக்கு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கண்ணைத் திறந்தேன். பெஞ்சில் மூன்று பேர், எழுப்பிவிடப்பட்டவள் ஒருத்தி, நாலு பேரும் பெரிய மனசுக்காரி என்ன சொல்லப்போகிறாள் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீயே எடுத்துக்க" என்றேன்.

"பாத்தீங்களா!" என்றார் அந்த அம்மா.

சௌந்தர்யா தேதியை எழுதிக்கொண்டு வந்து மறுபடி நூலை எடுத்தாள். எனக்குக் கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவள் பதறி நூலை நிறுத்தினாள்.

"வலிக்குதாக்கா?"

"ஆமா" என்றேன்.