மயிலுக்குப் பின்னால் போன டிரைவர்

கீழ்க்கட்டளை மார்க்கெட்டில் மீன் விற்கும் அங்காளம்மா வீட்டை விட்டுக் கிளம்பினால் அது கோயிலுக்காக இருக்கும், இல்லையென்றால் கல்யாணத்துக்கோ சாவுக்கோ இருக்கும். நாற்பத்தேழு வயதுவரை வேறு எதற்காகவும் அவள் பஸ் ஏறியதில்லை. எதிர்க்கடையில் பிளவுஸ் தைக்கும் அஜீசாவின் கதையும் ஏறக்குறைய அதுதான். கோயில் இருக்கும் இடத்தில் தர்கா, அவ்வளவே வித்தியாசம்.

மத்தியானத்தில் இருவரும் அஜீசாவின் கடையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பக்கத்துக் கட்டடத்து ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கும் ஜெயஸ்ரீயும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். முப்பது வயதான ஜெயஸ்ரீ அப்போதுதான் கார் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். வீட்டில் காரும் இருந்தது. சாவியைத்தான் யாரும் அவள் கையில் கொடுப்பதில்லை.

புரட்டாசி பிறந்து பாதி கீழ்க்கட்டளை மீனை மறந்திருந்த சமயம். அங்காளம்மா ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஜெயஸ்ரீ போனில் ஒரு வீடியோ காட்டினாள். பூண்டிக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் ஒரு பெரிய குகை. குடியம் குகை என்று பெயர். அங்காளம்மா அதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, அங்கே என்ன சாமி என்று கேட்டாள். சாமியெல்லாம் கிடையாது, ஆதி மனிதர்கள் வாழ்ந்த இடம் என்றாள் ஜெயஸ்ரீ. அந்தப் பக்கம் தனக்குச் சொந்தக்காரர் யாராவது உண்டா என்று அங்காளம்மா யோசித்துப் பார்த்தாள். ஒருவர்கூட இல்லை.

"அப்ப போலாம். சாமியும் இல்ல, சொந்தக்காரனும் இல்ல. ஒரு நாளைக்கு நானும் சும்மா போய்ட்டு வரேனே."

செலவே இல்லாமல் போய்வர வேண்டும் என்று முடிவானது. சாப்பாடு அவரவர் வீட்டிலிருந்து. வண்டி, பல்லாவரத்தில் மெத்தைக் கடை வைத்திருக்கும் அஜீசாவின் அண்ணன் பாட்சாவினுடையது. மெத்தை ஏற்றுவதற்காகப் பின்சீட்டைக் கழற்றிவிட்ட பழைய ஆம்னி வேன் அது. யார் ஓட்டுவது என்று பாட்சா போனில் கேட்டதற்கு, லைசென்ஸ் வைத்திருக்கும் ஆள்தான் என்று சொல்லி அஜீசா போனை வைத்துவிட்டாள். அவனும் பெருந்தன்மையாகப் பின்னால் ஒரு மெத்தையை விரித்துக் கொடுத்தான்.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். ஜெயஸ்ரீ ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். மற்ற இருவரும் பின்னால் மெத்தையில் கால் நீட்டிக்கொண்டார்கள். பம்மல் தாண்டும்வரை வண்டி இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு போனது. பின்னால் வந்தவர்கள் அடித்த ஹாரனை ஜெயஸ்ரீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் மெத்தையிலிருந்த இருவரும் ஒருமுறை எழும்பி உட்கார்ந்தார்கள்.

குன்றத்தூர் முருகன் மலை கண்ணில் பட்டதும் அங்காளம்மாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அஜீசா அதைப் பிடித்துவிட்டாள். இன்றைக்குச் சாமி கணக்கில் இல்லையே என்று கேட்டாள். கொசு என்றாள் அங்காளம்மா. வெளிவட்டச் சாலையில் ஏறிய பிறகுதான் ஜெயஸ்ரீ நாலாவது கியரைத் தொட்டாள். தொட்டதும் அவளே பயந்துபோய் மூன்றாவதுக்கு இறங்கிவிட்டாள்.

திருவள்ளூர், பூண்டி தாண்டிக் குடியம் கிராமத்தில் வண்டியை ஒரு புளியமரத்தடியில் விட்டார்கள். அங்கே ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் காட்டுப் பாதையைக் காட்டினார். குகையின் கூரையில் பெரிய தேன்கூடுகள் தொங்குவதாகவும், அங்கே போய்க் கத்தினால் தேனீ கலைந்துவிடும் என்றும் எச்சரித்தார். சொல்லும்போது அவர் அங்காளம்மாவை மட்டும் பார்த்தே சொன்னார். அதற்குள் அவள் குரலைக் கேட்டிருந்தார்.

பாதை முழுக்கக் கூழாங்கல்லும் முட்புதரும். அங்காளம்மாவின் ரப்பர் செருப்பு அடிக்கடி வழுக்கியது. ஒவ்வொரு வழுக்கலுக்கும் அவள் ஆதி மனிதர்களைத் திட்டினாள். வீடு கட்ட வேறு இடமா கிடைக்கவில்லை என்பது அவள் கேள்வி. அஜீசா இரண்டு டார்ச் லைட்டுகளைச் சுமந்து வந்தாள். குகை என்றால் இருட்டாக இருக்கும், குனிந்து தவழ்ந்து போக வேண்டும் என்று அவள் ஒரு வாரமாக மனதைத் தயார்படுத்தியிருந்தாள்.

வெயில் நன்றாக ஏறும்வரை நடந்த பிறகு குகை தெரிந்தது. ஒரு மலையே வாயைப் பிளந்துகொண்டு நிற்பது போலிருந்தது. உள்ளே ஒரு கல்யாண மண்டபம் கொள்ளும். வெளிச்சம் கடைசிவரை போய் விழுந்துகொண்டிருந்தது. அஜீசா கையிலிருந்த டார்ச்சுகளைப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அங்காளம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். மேலே கருப்புக் கருப்பாகத் தேன்கூடுகள். பாறையிலிருந்து எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு. ஒரு கல்லில் உட்கார்ந்தாள். தெரு நடுவில் இருபது வருஷம் உட்கார்ந்தவள் அவள். யாரும் வந்து விலை கேட்காத இடத்தில் இப்படி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அதுவே நன்றாக இருந்தது. கண் சொருகியது.

ஜெயஸ்ரீதான் தோளைத் தட்டி, குகையின் ஒரு மூலையைக் கண்ணால் காட்டினாள். மஞ்சளும் குங்குமமும் பூசிய கல். மேலே ஒரு சின்னச் சிவப்புத் துணி. அங்காளம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"நீ இங்கயும் வந்துட்டியா?" என்று அம்மனிடம் கிசுகிசுத்தாள்.

அஜீசா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். அங்காளம்மா கொண்டுவந்திருந்த வாழைப்பழத்தில் ஒன்றை அம்மனுக்கு வைத்துவிட்டு, கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். இந்தமுறை கொசு என்று சொல்லவில்லை.

குகையை விட்டுத் தள்ளி வந்து ஒரு மரநிழலில் சாப்பிட்டார்கள். அஜீசாவின் குஸ்காவுக்கு அங்காளம்மாவின் வறுத்த கருவாடு நன்றாகச் சேர்ந்தது. புரட்டாசி விரதத்திலிருந்த ஜெயஸ்ரீ எலுமிச்சை சாதத்தோடு காற்று வரும் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்துத் திரும்பும் வழியில் எங்கோ ஒரு மயில் அகவியது. ஜெயஸ்ரீ வீடியோ எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் பின்தங்கினாள். மற்ற இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். பேச்சு அஜீசாவின் நாத்தனாரைப் பற்றியது. அதனால் வெகுதூரம் போய்விட்டார்கள்.

ஒரு மொட்டைப் பாறையில் ஏறி மூச்சு வாங்கியபோதுதான் பின்னால் ஜெயஸ்ரீ இல்லை என்பதைக் கவனித்தார்கள். திரும்பி நடந்தார்கள். வந்த பாதை மூன்றாகப் பிரிந்து கிடந்தது. எல்லாப் புதரும் ஒரே புதராகத் தெரிந்தது. போனில் சிக்னல் இல்லை. இருக்கிற இடத்தை விட்டுப் போனால் தாங்களும் தொலைந்துவிடுவோம் என்று அஜீசா அங்காளம்மாவைப் பாறைக்கே இழுத்து வந்தாள். அவள் உதடு துவாவை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"வண்டி ஓட்டத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான்," என்றாள் அஜீசா மெதுவாக.

"வண்டி கெடக்கட்டும். அவ அம்மாவுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றாள் அங்காளம்மா.

குகை இப்போது வெகுதூரத்தில் இருந்தது. தேனீக்குப் பயப்பட வேண்டியதில்லை. அங்காளம்மா ஜெயஸ்ரீயின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அந்தப் பெயர் நாலு பக்கமும் மோதி, உடைந்து, எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாமல் திரும்பி வந்தது. ஒரு முறை கத்தினால் போதாது, அந்தப் பெண் கேட்டுக்கொண்டே நடந்து வருகிற மாதிரி விடாமல் கத்த வேண்டும் என்றாள் அஜீசா. விடாமல் கத்துவதற்கு அங்காளம்மாவுக்கு ஒன்றுதான் தெரியும். கடை போடுவதற்கு முன்னால் அவள் தலையில் கூடையோடு தெருத்தெருவாக விற்றவள். மூன்றாவது மாடியில் மிக்ஸி ஓடும் சமையலறைக்கும் அவள் குரல் போய்ச் சேரும்.

காலை அகட்டி நின்றுகொண்டாள். ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"மீனே… மீனேய்… சங்கரா, வஞ்சிரம், நெத்திலி மீனேய்…"

காட்டில் பறவைகள் எழும்பின. அவள் நிறுத்தவில்லை. கொடுவா, இறால், நண்டு என்று கடலில் இருப்பதையெல்லாம் கூவி முடித்து, மறுபடி சங்கராவில் ஆரம்பித்தாள். முதலில் சிரிப்பு வந்த அஜீசாவுக்குப் பிறகு அழுகை வந்தது. அங்காளம்மாவின் கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

நிழல் கொஞ்சம் நகர்ந்திருந்தது. கீழே ஒரு புதர் அசைந்து ஜெயஸ்ரீ வெளியே வந்தாள். துப்பட்டா கிழிந்திருந்தது. கையெல்லாம் முள் கீறல். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது எல்லாத் திசையிலும் கேட்டதாகவும், மீன் மட்டும்தான் ஒரே பக்கமிருந்து வந்ததாகவும் சொல்லிவிட்டுப் பாறையில் உட்கார்ந்து தேம்பினாள். அஜீசா அவளைக் கட்டிக்கொண்டாள். அங்காளம்மா முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"அந்த மயிலு இன்னா உன் மாமன் புள்ளையா? அது கூப்ட்டா பின்னாடியே பூடுவியா?"

அழுதுகொண்டிருந்த ஜெயஸ்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது பாறையின் மறுபக்கமிருந்து மூச்சிரைக்க ஒரு பெண் ஏறி வந்தாள். பின்னால் இரண்டு ஆடுகள். கையில் ஒரு அலுமினியப் பாத்திரம். மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சுற்றிலும் கூடையைத் தேடினாள்.

"மீனு எங்க கீது?" என்று கேட்டாள். "எங்க வூட்ல புரட்டாசியெல்லாம் கெடையாது."

நடந்ததை அஜீசாதான் விளக்கிச் சொன்னாள். கேட்டுவிட்டு அந்தப் பெண் பாத்திரத்தைத் தரையில் வைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் கூவி வரவழைத்த ஆளை வெறும் பாத்திரத்தோடு அனுப்ப அங்காளம்மாவின் மனம் ஒப்பவில்லை. மிச்சமிருந்த கருவாடு முழுவதையும் அதில் கொட்டினாள். கிராமம்வரை அந்தப் பெண்ணே வழிகாட்டி வந்தாள். ஜெயஸ்ரீ வழியெல்லாம் அங்காளம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

பொழுது சாய்வதற்குள் பல்லாவரம் வந்து வண்டியை ஒப்படைத்தார்கள். வரும்போது ஜெயஸ்ரீ நாலாவது கியரில் பயமில்லாமல் ஓட்டினாள். காட்டைவிட கியர் பரவாயில்லை என்றாள். பாட்சா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். கீறல் வண்டியில் இல்லை, டிரைவர் மேல்தான் இருந்தது.

மறுநாள் காலை அங்காளம்மா எழுந்தபோது குரல் இல்லை. காற்றுதான் வந்தது. கடை விரித்து, சங்கராவை அடுக்கி, ஐஸ் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். போகிறவர்கள் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அஜீசா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தையல் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து, தொண்டையைக் கனைத்து, அளவு சொல்கிற குரலில், "மீனே… வஞ்சிரம் மீனே…" என்றாள்.

வஞ்சிரம் கடையில் இல்லவே இல்லை. அங்காளம்மா கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிப் பார்த்தாள். அது அஜீசாவுக்கு உற்சாகப்படுத்துவதாகப் பட்டது. இன்னும் சத்தமாக, "இறால் மீனே…" என்றாள். ஸ்கூட்டரில் போன ஒருவர் பிரேக் போட்டுத் திரும்பினார். அங்காளம்மா ஒரு ஐஸ் கட்டியை எடுத்து, எதிர்க்கடை வாசலை நோக்கிக் குறி பார்த்தாள்.