அருள்மணி டாக்டரின் கையெழுத்து

காத்தாயி இரண்டு சீட்டுகளையும் மேசைமேல் பரப்பினாள். இரண்டும் அவள் சுருக்குப்பையில் கிடந்து ஒரே மாதிரி நைந்திருந்தன. தேதி எழுதிய மூலை இரண்டிலுமே வியர்வையில் கரைந்து போயிருந்தது.

“இதுல எது பெரிய டாக்டரு எழுதுனது, எது நீங்க எழுதுனதுன்னு பாத்துச் சொல்லுங்க தம்பி. அவரு குடுத்த மாத்திரைதான் எனக்குக் கேட்டுச்சு.”

கார்முகில் சிரித்துக்கொண்டே சீட்டுகளை எடுத்தான். எடுத்தவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எது தான் எழுதியது என்று அவனுக்கே தெரியவில்லை. மருந்துப் பெயரின் சாய்வு, கோட்டுக்கு வெளியே ஓடும் கிறுக்கல், அடியில் கையெழுத்து என எல்லாம் ஒரே கை. ரத்த அழுத்தம் பார்த்து, புதிதாக ஒரு மாத்திரை எழுதி, அதன் கீழும் அதே கையெழுத்தைப் போட்டுக் கிழவியை அனுப்பி வைத்தான்.

அருள்மணி டாக்டர் இறந்தது ஆலங்குடிக்கே தெரியும். அவர் பெயரில் இன்னும் மருந்துச்சீட்டு வருவதும் தெரியும். தெரிந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. காய்ச்சல் என்றால் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுவதைவிட இது சுலபம். பக்கத்து மருந்துக்கடைக்காரருக்கும் வியாபாரம் நடந்தால் சரி. டாக்டர்தான் போனார், அவருடைய பதிவு எண் போகவில்லை. அவர் மனைவி மரிய செல்வி மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதித் தெரிவிக்கவும் இல்லை.

கார்முகில் கிர்கிஸ்தானில் ஆறு வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவன். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க எழுதவேண்டிய பரீட்சையை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் கோட்டை விட்டவன். அவன் அப்பா பழனிச்சாமி ஊரெல்லாம் “எம்மவன் டாக்டரு” என்று சொல்லிவிட்டார். சும்மா வீட்டில் இருக்க முடியாத நாளில்தான் மரிய செல்வி ஆள் அனுப்பினார்.

“கிளினிக் போர்டு அவரு பேர்லயே இருக்கட்டும் தம்பி. நீங்க பாஸ் பண்ணுங்க, அன்னைக்கே அதுல ஒங்க பேரை எழுதிருவோம்.”

தப்புதான். தப்பு என்று தெரியாதவனா அவன்? பரீட்சை வரைக்கும், பரீட்சை வரைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முதல் வாரம் முழுக்க டாக்டரின் பழைய சீட்டுகளை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை அனா ஆவன்னா எழுதுவது போல எழுதிப் பழகினான். அந்தக் கையெழுத்து ஒரு சின்னச் சுழியில் தொடங்கும். மேலே ஏறி, இரண்டு முறை நெளிந்து, கடைசியில் அடியில் நீளமாக ஒரு வால் இழுக்கும். சுழி மட்டும் பிடிபட நாளாயிற்று. பிடிபட்ட பிறகு கை நிற்கவே இல்லை.

கையெழுத்து வந்தது அவன் முயற்சியால். அதன் பின்னால் வந்தவற்றை அவன் கூப்பிடவில்லை. ஒரு நாள் மத்தியானம் நோயாளி ஒருவரை அனுப்பிவிட்டு, என்ன நினைத்தானோ, மேசையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். வெளியே பெஞ்சில் இருந்தவர்களில் அடுத்த ஆள் சட்டென்று எழுந்து உள்ளே வந்தார். உள்வீட்டுத் திரைக்குப் பக்கத்தில் டீ தம்ளரோடு மரிய செல்வி நின்றுகொண்டிருந்தார். டீ சிந்தி அவர் கையில் வழிந்துகொண்டிருந்தது.

“அவரு தட்டுறதப் பத்தி ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலையேம்மா.”

அவர் கண்ணில் தெரிந்தது பயமில்லை. அதுதான் கார்முகிலைப் பயமுறுத்தியது. மறுநாளிலிருந்து டீ வேறு தம்ளரில் வந்தது. விளிம்பு நசுங்கிய, பழைய எவர்சில்வர் தம்ளர். யாருடையது என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே குடித்தான்.

காத்தாயி சீட்டுகளோடு வந்து போன அன்று சாயங்காலமே, இனி அந்த நாற்காலியில் உட்காருவதில்லை என்று முடிவு செய்தான். இந்த முறை பரீட்சையில் தேறினால் சொந்தப் பெயர், சொந்த எண். தேறாவிட்டால் செத்தவர் பெயரிலேயே வாழ்ந்து, செத்தவராகவே ஆகிவிடுவோம் என்று நிஜமாகவே பயந்தான். தன் ஊருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தான். இத்தனை வெறியோடு அவன் எப்போதும் படித்ததில்லை.

பரீட்சைக்குக் கிளம்பும் முன் சொல்லிக்கொள்ளப் போனபோது மரிய செல்வி மாதா படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்.

“பாஸாயிட்டா இங்கிட்டு வர மாட்டீங்கல்ல?”

அவன் மாதா படத்தைப் பார்த்தான்.

“ஆவூர் மாதா கோயிலுக்குப் போயி ஒங்களுக்காக வேண்டிக்கிட்டு வந்தேன்.”

“நான் பாஸாகணும்னாம்மா?”

“என்ன வேண்டுனேன்னு மட்டும் கேக்காதீங்க தம்பி.”

திருச்சியில் பரீட்சை மையம். வாசலில் சோதனை முடிந்து, வரிசை மெல்ல நகர்ந்தது. இந்த முறை கேள்விகளைப் பற்றிய கவலையே அவனுக்கு இல்லை. எதைக் கேட்டாலும் எழுதிவிடலாம் என்று மனசு சொன்னது. தன் முறை வந்ததும் மேற்பார்வையாளர் அம்மா நீட்டிய வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தான்.

“தம்பி, ஒரு நிமிஷம். பேரு கார்முகில்தானே? விண்ணப்பத்துல வேற மாதிரி போட்ருக்கீங்க.”

குனிந்து பார்த்தான். சுழி, ஏற்றம், இரண்டு நெளிவு, அடியில் நீண்ட வால்.

“சாரி மேடம். பதற்றத்துல…” என்றவன் அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் போட்டான். மறுபடியும் வால் இழுபட்டது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவனுடைய சொந்தக் கையெழுத்து ரொம்பச் சாதாரணமானது. மேலிருந்து கீழே நேராக ஒரு கோட்டில் தொடங்கும். அவ்வளவு தெரிந்தது. அதற்கப்புறம் என்ன வரும் என்று யோசித்தான்.

“அவசரமில்லப்பா, பொறுமையா போடுங்க,” என்றார் அந்த அம்மா கனிவாக. “ஒங்க கையெழுத்துதானே.”

கார்முகில் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தான். அவன் அறியாமலே மூன்று விரல்கள் நாடி பார்க்கும் இடத்தில் போய் அமர்ந்தன. நாடி நிதானமாக, அவன் பதற்றத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மேலிருந்து கீழே ஒரு கோடு, ஒரே ஒரு கோடு என்று சொல்லிக்கொண்டே பேனாவை வைத்தான். காகிதத்தில் முதலில் விழுந்தது ஒரு சின்னச் சுழி.