நெத்திலிக் கருவாடு போட்ட பீட்சா

1

இந்தக் கதை சேலையூரில் ஒரு பீட்சா கடையின் பின்சந்தில் எனக்குக் கிடைத்தது. சந்து வழியாகப் போனபோது கருவாடு வறுபடும் வாடை வந்தது. பீட்சா கடையில் எதற்குக் கருவாடு என்று நின்றேன். உள்ளே ஒரு ஆண்குரல், “இதை யார் செய்யச் சொன்னது?” என்றது. யாரும் பதில் சொல்லவில்லை. காதில் விழுந்தது அவ்வளவுதான். பதில் சொல்லாத ஆளுக்கு மஹாலட்சுமி என்று பேர் வைத்தேன். மீதி எல்லாம் நான் போட்டது.

2

முதல் தொடக்கம்: கடலோரக் குப்பத்தில் பிறந்த மஹாலட்சுமியின் காதில் எப்போதும் அலைகளின்...

வேண்டாம். கேளம்பாக்கத்தில் பஸ் மாறி வேலைக்கு வருகிறவளுக்கு அலை எங்கே கேட்கும்?

இரண்டாவது: மஹாலட்சுமி அந்தக் கடையில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள். அவள் அம்மா கருவாடு விற்கிறவள். ஓவனில் நிற்கவேண்டும் என்பது மஹாலட்சுமியின் ஆசை. அங்கே நிற்கிறவர்களைத்தான் முதலாளி பேர் சொல்லிக் கூப்பிடுவான். முதலாளி சிவகுமார் ஒருநாள் சொன்னான்: “ஆடிக்குப் புதுசா ஒரு டாப்பிங் வேணும். நம்ம ஏரியா ஜனங்களுக்குப் பிடிக்கிற மாதிரி. யார் நல்லா பண்றீங்களோ அவங்க ஓவனுக்கு.”

அவள் அதை நம்பிவிட்டாள்.

இந்த ஏரியா ஜனங்கள் பீட்சாவுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் கேட்பவர்கள். கூட வேலை செய்யும் விக்கி கோபி 65 போட்டு மேலே மயோனைஸ் பிழிந்தான். மஹாலட்சுமி நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, சுடுதண்ணீரில் அலசி, சின்ன வெங்காயத்தோடு வறுத்தாள். அடியில் தக்காளித் தொக்கு, மேலே மாங்காய்த் துருவல். கருவாட்டில் உப்பு இருப்பதால் சீஸைக் குறைத்தாள்.*

“இன்னா மஹா, ரோடே நாறுது” என்றான் விக்கி.

“நாறுதுன்னு சொல்லிகினே ரெண்டு துண்டு துன்ட்டியே.”

சிவகுமாரும் நின்றபடியே மூன்று துண்டு தின்றான். அப்போது மாடியில் குடியிருப்பவர்களிடமிருந்து, வாடை தாங்கவில்லை என்று போன் வந்தது. கட்டடம் அவனுடையது. வாடகையும் அவனுக்குத்தான் வருகிறது. போனை வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: “இதை யார் செய்யச் சொன்னது?”

(இங்கே மஹாலட்சுமியைப் பேசவைத்துப் பார்த்தேன். எழுதினதெல்லாம் நான் பேசுவதாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

“டீசன்ட்டா எதாவது பண்ணச் சொன்னா... போய் பெட்டியை மடி.”

* வெளிநாட்டில் நெத்திலி மாதிரி மீனை உப்பில் ஊறவைத்து பீட்சாவில் போடுவார்களாம். சிவகுமாருக்கு இது தெரியும் என்று எழுதலாமா? தெரிந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான்.

3

சிவகுமாரை ரொம்பக் கெட்டவனாக்கிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. அதனால் அவனுக்கு ஒரு அம்மாவைக் கொடுத்தேன். சாமுண்டீஸ்வரி. வயலை விற்று அடுக்குமாடி கட்டிய குடும்பம். ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவது இன்றைக்கும் அவர்கள்தான்.

அந்த வாரமே அவள் கடைக்கு வந்தாள்.

“மஹா, ஞாயித்துக்கிழமை கூழ் ஊத்துறோம். உங்கம்மா விக்கிற நெத்திலி நல்லா இருக்குமாமே. மூணு கிலோ எடுத்துட்டு வந்துடு. மண்ணு இல்லாம பார்த்து எடு.”

“வாடை அடிக்குமேம்மா.”

சாமுண்டீஸ்வரி சிரித்துவிட்டாள். “கருவாடுன்னா அடிக்காதா? அந்தக் குழம்பு இல்லாம ஆத்தாவுக்குக் கூழ் எறங்குமாடி?”

சிவகுமார் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

“சாமி காரியம், காசு கேக்காத. இவன்கிட்ட சொல்லி உன்னை ஓவன்ல நிக்க வைக்கிறேன். என்ன சொல்ற?”

4

அ. சரி என்கிறாள். ஓவனுக்குப் போகிறாள். தினமும் ஸ்வீட்கார்ன் பீட்சா சுடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மாடிக்காரர்கள் தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்று கருவாட்டுக் குழம்பு வாங்குகிறார்கள்.

ஆ. மாட்டேன் என்கிறாள். பெட்டி மடிக்க வேறொருத்தி வருகிறாள். கருவாட்டைப் பல்லாவரம் சந்தையில் வாங்கிக்கொள்கிறார்கள். அம்மனுக்கு ஒரு குறையும் இல்லை.

இ. “எடுத்தாறேம்மா, ஆனா மொதல்ல அந்த பீட்சாவை மெனு போர்டுல...”

இதை முடிக்க முடியவில்லை. முடித்தால் பொய்யாகிவிடும்.

சாமுண்டீஸ்வரி பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறாள். நான் எழுதாதவரைக்கும் நின்றுகொண்டேதான் இருப்பாள். மஹாலட்சுமிக்காக என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான். பாவம், அந்தம்மாவுக்குக் கால் வலிக்குமே என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.