ராத்தாவின் குசினி

யூடியூபில் நான் நடத்திய சேனலின் பெயர் ‘அங்கயும் இஞ்சயும்’. லண்டன் பஸ்ஸையும் கல்முனை பஸ்ஸையும், அங்குள்ள ஆஸ்பத்திரியையும் இங்குள்ளதையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுவேன். பார்த்தவர்களில் பாதிப்பேர் என்னைத் திட்டினார்கள். மற்றவர்கள் நாட்டைத் திட்டினார்கள். இரண்டுமே எனக்குப் பிடித்திருந்தது.

ஆறு வருடத்துக்குப் பிறகு லண்டனிலிருந்து லீவில் என் ஊரான சாய்ந்தமருதுக்கு வந்து, என் மூத்த சகோதரி ஸில்மியா ராத்தாவின் வீட்டில் தங்கினேன். உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பிறகு ஊரில் எனக்கு வேறு வீடில்லை. ராத்தா கணித டீச்சர். மச்சான் மர்சூக்குக்கு நெல் ஆலையில் வேலை.

ஒருநாள் காலை ராத்தா குசினியில் குந்தியிருந்து விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சோற்றுப் பானை, கரி பிடித்த சுவர், ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் புகை. நான் போனை எடுத்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

“என்னத்தடா எடுக்கிறாய்?”

“சும்மா ராத்தா. ஞாபகத்துக்கு.”

அவள் சிரித்துவிட்டு மறுபடி ஊதினாள்.

எதிர்ப்பக்கத்துச் சீமெந்துத் தட்டில் அவளுடைய காஸ் அடுப்பு இருந்தது. தேத்தண்ணியும் கறியும் அதில்தான். காஸ் விலை ஏறியதிலிருந்து சோறு மட்டும் விறகில். அந்த அடுப்பும் வீடியோவில் விழுந்திருந்தது. நான் அந்தத் துண்டை வெட்டி எறிந்தேன். லண்டன் பக்கத்துக்கு, பெருநாள் விருந்துக்குப் போனபோது நண்பன் பர்ஹான் வீட்டில் எடுத்த வெள்ளைக் குசினியைப் போட்டேன். பர்ஹான் அங்கே சொந்த வீடு வாங்கியவன்.

மூன்று நாளில் ஒரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ‘பாவம் அந்தத் தாய்’ என்று யாரோ எழுதியிருந்தார். ராத்தாவுக்கு நாற்பத்தொரு வயது.

அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மச்சான்தான் என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: “பத்தாம் வகுப்புக்குள்ள உன்ட ராத்தா போகக்குள்ள பின்னுக்கிருந்த பொடியன்மார் புகை பட்ட மாதிரி இருமினதாம். அவ வந்து அழுதுட்டா.”

உடனே வீடியோவை அழித்தேன். அதற்குள் வேறு பக்கங்களில் அது ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு வேன் வாசலில் நின்றது. ஊர் நலன்புரிச் சங்கத்தார் ஐந்து பேர், அவர்களுக்கு முன்னால் தலைவர் அபூசாலி ஹாஜியார். வேனிலிருந்து புது காஸ் அடுப்பும் சிலிண்டரும் இறங்கின. பின்னால் ஒருவர் சங்கத்தின் பெயர் போட்ட பெனரை விரித்துப் பிடித்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலியோரம் வந்துவிட்டார்கள்.

“வெளிநாட்டு ஆக்கள் வீடியோவப் பார்த்துட்டுத் தந்த உதவி டீச்சர். ஒரு போட்டோ மட்டும் எடுப்பம்,” என்றார் ஹாஜியார்.

ராத்தா முக்காட்டைச் சரிசெய்தாள். “உள்ளுக்கு வாங்க ஹாஜியார். தேத்தண்ணி குடிச்சிட்டு எடுப்பம்.”

அவரை நேரே குசினிக்குக் கூட்டிப்போனாள். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, காஸ் அடுப்பைப் பற்றவைத்துக் கேத்தலை ஏற்றினாள்.

ஹாஜியார் அடுப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, இது வீடியோல இல்லையே?”

“நீயே சொல்லு நிப்றாஸ்,” என்றாள் ராத்தா, திரும்பாமலேயே.

வேலியோரத்துப் பெண்கள் இப்போது குசினி ஜன்னலடியில் நின்றார்கள்.

“நான்தான் வெட்டினன்,” என்றேன். “லண்டன் எண்டு காட்டின குசினியும் என்டதில்ல.”

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஹாஜியார் தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டு, “இந்த அடுப்ப வேற ஒரு வீட்டுக்குக் குடுப்பம்,” என்று எழுந்தார். பெனரைச் சுருட்டும் சத்தம் கேட்டது. நான் தலை நிமிரவில்லை.

அன்றைக்கே உண்மையைச் சொல்லி இன்னொரு வீடியோ போட்டேன். அதை நானூறு பேர் பார்த்தார்கள். வகுப்பில் இருமல் நிற்க ஒரு மாதம் பிடித்ததாக மச்சான் பிறகு சொன்னார்.

லண்டனுக்குத் திரும்பி வந்து சேனலை மூடினேன். ராத்தா இப்போதும் கோல் எடுப்பாள். ஆனால் கமராவைப் போடமாட்டாள். கறுப்புத் திரைக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும்.

போன மாதம் அவள் கேட்காமலேயே என் குசினியைக் காட்டினேன். ஒரே வீட்டில் ஏழு பேர். என் பெயர் ஒட்டிய ஒரு பிரிட்ஜ் தட்டு, நான்கு பர்னரில் இரண்டு எரியாத காஸ் அடுப்பு, சுவரில் யார் எப்போது சமைப்பது என்று எழுதிய தாள், ஈரத்தில் கறுத்த கூரை மூலை. என் முறை இரவு ஒன்பதரைக்கு.

போனை மறுபடி என் முகத்துக்கு நேராகத் திருப்பினேன்.

“ராத்தா, கேக்குதா?”

“ஓம்,” என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “இத ஒருத்தருக்கும் காட்டிராத மனே.”