பிலோமினாவின் வினிகர் கறி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சிகாமட் ஸ்டேஷனில் வந்து நின்ற சிங்கப்பூர் ரயில் அதற்குமேல் நகரவில்லை. தெற்கே தண்டவாளம் வெள்ளத்தில் போய்விட்டது. வடக்கேயும் பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாகத் தந்தி வந்தது. பெட்டி படுக்கையோடு இறங்கிய பயணிகள், மழையில் நனைந்துகொண்டே மேட்டின்மேல் இருந்த ரெஸ்ட் ஹவுஸுக்கு ஏறி வந்தார்கள்.

ரெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தவர் லியோனார்ட். அவருடைய தங்கை செசிலியா பின்கட்டு வாசலில் நின்று, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையல்காரர் ஆ லோக், ஹைனான் சீனர், தம்பியைப் பார்க்க மூவார் போனவர் வெள்ளத்தில் அங்கேயே மாட்டிக்கொண்டார். கோழி சூப்பும் சாப்ஸும் ரொட்டியும் தவிர வேறு எதையும் பயணிகளுக்கு வைக்காத மனிதர் அவர். அவரில்லாமல் இத்தனை பேருக்கு என்ன போடுவது என்று லியோனார்ட் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் சமைக்கிறேன்," என்றாள் அவர் மனைவி பிலோமினா.

பிலோமினா மலாக்காவைச் சேர்ந்தவள். நானூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்த போர்த்துக்கீசியரின் வழியில் வந்த மீனவக் குடும்பம். வீட்டில் அவர்கள் பேசியது அந்தப் பழைய பறங்கி பாஷை, கடைத்தெருவில் மலாய். லியோனார்ட் அவளை மாதா கோயிலில் பார்த்து, ஊரில் யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டார். தமிழ்ப் பெண்ணா கிடைக்கவில்லை, போயும் போயும் ஒரு சட்டைக்காரியா என்று குடும்பத்தில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். செசிலியாவும் முணுமுணுத்தவள்தான்.

சாஆ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த செசிலியாவின் புருஷன் மலேரியாவில் இறந்தபின் அண்ணன் அவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து அவள் தனக்கென்று தனியாக ஓர் அடுப்பு வைத்துக்கொண்டாள். பிலோமினாவின் சமையலில் எதை எடுத்தாலும் வினிகர் வாடை அடிக்கிறது என்பது அவள் சொன்ன காரணம். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. வயதில் தன்னைவிடச் சின்னவளை அண்ணி என்று கூப்பிட அவளுக்கு நா எழவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது. அதனால் "இங்க பாருங்க" என்று தொடங்கித்தான் எதையும் சொல்லுவாள். பிலோமினா தெரிந்த கொஞ்சம் தமிழில் பதில் சொல்லுவாள். அப்படியே காலம் ஓடியது.

அன்றைக்கு அந்தத் தனி அடுப்புக்கு வழியில்லை. செசிலியா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பெரிய அடுப்படிக்குப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு வறுத்த கோழியும் பன்றி இறைச்சியும் மிச்சம் இருந்தன. மிச்சத்தை மறுநாள் கறியாக்குவது மலாக்கா வழக்கமாம். கறி டெபால் என்று பெயர். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், இஞ்சி, லெங்குவாஸ் என்கிற அரத்தை, பூவா கிராஸ் என்கிற எண்ணெய்க் கொட்டை எல்லாவற்றையும் அம்மியில் வைத்து அரைக்கச் சொன்னாள் பிலோமினா. செசிலியா அரைத்தாள். கடுகு பொரிந்தது, மசாலா எண்ணெயில் வதங்கி நிறம் மாறியது, உருளைக்கிழங்கும் இறைச்சியும் விழுந்தன. கடைசியில் பிலோமினா வினிகரை ஊற்றினாள். புகை கண்ணில் ஏறியது. முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தயாராக இருந்த செசிலியாவுக்கு அந்த வாடை, மிளகாயோடும் கடுகோடும் சேர்ந்து வந்தபோது, வாயில் நீர் ஊறியது. அவள் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பயணிகளில் ஒரு செட்டியார் வீட்டுக் கணக்குப்பிள்ளை மாமிசம் தொடாதவர். அவருக்குச் செசிலியா ரசமும் துவையலும் செய்து கொடுத்தாள். மற்றவர்கள் எல்லாரும் கறியைத்தான் சாப்பிட்டார்கள். குடும்பத்தோடு வந்திருந்த சீன வியாபாரி வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு தட்டுக் கேட்டார். இளம் வெள்ளைக்கார சர்வேயர் ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டே முடித்தார்.

அந்தப் பயணிகளில் ஒருவர் ஆல்வாரோ. லிஸ்பனில் பிறந்தவர், சீனக் கரையில் போர்த்துக்கீசியர் ஆண்ட மக்காவ் துறைமுகத்தில் கடை வைத்திருப்பவர். தன் நாட்டு ஒயினையும் ஒருவகை உப்பு மீனையும் ஓட்டல்களுக்கு விற்றுப் பார்க்கலாம் என்று மாதிரிச் சரக்கோடு பினாங்கிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஒயினை எல்லாரும் ருசி பார்த்தார்களாம். மீன் பெட்டியைத் திறந்ததும் ஓட்டல்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்களாம். இதை அவரே லியோனார்டிடம் இங்கிலீஷில் சொல்லி வருத்தப்பட்டார்.

இவர் போர்த்துக்கல்லிலிருந்தே வந்தவர் என்று தெரிந்ததும் பிலோமினாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பா, தாத்தா, அதற்கும் முந்தியவர்கள் யாரும் பார்த்திராத நாடு அது. மறுநாள் அவள் இருட்டோடு எழுந்தாள். கறியைச் சுண்ட வைத்துச் சூடாக்கினாள், சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் இறைச்சி வைத்து பாங் சூசி சுட்டாள். நல்ல கெபாயா ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்குத் தானே தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவர் முன்னால் வைத்துவிட்டுத் தன் பாஷையில் வணக்கம் சொன்னாள். எப்படி இருக்கிறீர்கள், ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டாள்.

ஆல்வாரோ கையில் எடுத்த முள்கரண்டி அப்படியே நின்றது. பிறகு சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். லியோனார்டிடம் திரும்பி, இது என்ன பேச்சு, பல் முளைக்காத குழந்தை பேசுகிற மாதிரி இருக்கிறது, இதைப் போர்த்துக்கீசியம் என்று யார் சொன்னது என்றார். தட்டைக் காட்டி, எங்கள் நாட்டில் இப்படி ஒரு பண்டத்தை நான் கண்டதே இல்லை என்றும் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. இங்கிலீஷில்தான் சொன்னார், அது பிலோமினாவுக்கும் தெரியும்.

அவள் உள்ளே போய் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டாள்.

செசிலியாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் சிரிப்பு எந்தப் பாஷையிலும் சிரிப்புதானே. பிலோமினாவின் முதுகைப் பார்த்தாள். புகையில் கண் எரிய நின்று, ஒவ்வொரு பாங் சூசியாகத் தட்டி எடுத்த கையையும் பார்த்தாள். இத்தனை மாதமும் அதே சமையலைப் பார்த்து முகம் சுளித்தவள்தான் தானும் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்புத்தான் அவளை நிற்கவிடவில்லை. நேரே சாப்பாட்டு அறைக்குப் போனாள்.

"அண்ணே, அவர்கிட்ட சொல்லுங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "எங்க அண்ணி விடியறதுக்கு முந்தி எழுந்து அடுப்புல நிக்கிறாங்க. அவங்க பேசுற பாஷை அவங்க அம்மா குடுத்தது. சாப்பாடு பிடிக்கலன்னா வேணாம்னு சொல்லட்டும். சிரிக்க வேணாம்."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆல்வாரோவும் பார்த்தார். அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். லியோனார்ட் தங்கையையும் பார்த்தார், விருந்தாளியையும் பார்த்தார். காரம் அதிகமா என்று கேட்கிறாள் என்று சொல்லி வைத்தார்.

ஆனால் கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்குத் தமிழ் புரியும். செசிலியா அடுப்படிக்குத் திரும்பியபோது பிலோமினா அவளுக்கு ஒரு தட்டில் கறியும் சோறும் போட்டு வைத்திருந்தாள். செசிலியா அங்கேயே பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"புளிப்பு ஜாஸ்தியா லா?" என்று கேட்டாள் பிலோமினா.

"இல்ல. இன்னும் கொஞ்சம் போடுங்க."

மத்தியானம் மழை விட்டிருந்தது. ஆல்வாரோ வராந்தாவில் உட்கார்ந்து வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே செசிலியா துணி எடுத்து வைக்கத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அலமாரிச் சாவிய காணோமே, அண்ணி. மேசை மேல வச்சீங்களா, ஜன்னல் பக்கம் வச்சீங்களா?"

வெளியே நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. ஆல்வாரோ ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். இந்த அம்மாவுக்குப் போர்த்துக்கீசியம் கற்றுக்கொடுத்தது யார் என்று லியோனார்டைக் கேட்டார். அவள் தமிழ்தான் பேசினாள் என்றார் லியோனார்ட். இல்லை, என் காதாலேயே கேட்டேன் என்றார் அவர். அர்மாரியோ, ஷாவ், மேசா, ஜனேலா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார்.

செசிலியாவால் நம்ப முடியவில்லை. அலமாரியும் சாவியும் பிறந்ததிலிருந்து அவள் சொல்லி வருகிற வார்த்தைகள். அவளுடைய ஆத்தாவும் அப்படித்தான் சொன்னாள். ஜன்னலைத் தொட்டு "ஜன்னல்" என்றாள். பிலோமினா "ஜனேலா" என்றாள். ஆல்வாரோ அதையே தன் மாதிரி சொன்னார். மேசையைத் தொட்டார்கள். கொடியில் கிடந்த துவாலையைக் காட்டினார்கள். மூன்று பேர் வாயிலும் கிட்டத்தட்ட ஒரே சொல் வந்தது. பீப்பாய், பாதிரி, மேஸ்திரி என்று லியோனார்டும் சேர்ந்துகொண்டார். சின்னப் பிள்ளைகள் மாதிரி வீடு முழுக்க ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நடந்தார்கள். சில சொற்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அப்போது பிலோமினா சொல்வதை அவர் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஒரு சொல்லை மட்டும் தானும் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். தன் அம்மாவின் கிராமத்தில் மிக வயதானவர்கள் மட்டும் அப்படிச் சொல்லிக் கேட்டிருப்பதாகச் சொன்னார்.

பிறகு பிலோமினாவின் முன் நின்று தலையைக் குனிந்து தன் பாஷையில் மன்னிப்புக் கேட்டார். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் அவர் மீன் பெட்டியை அடுப்படிக்குக் கொண்டுவந்து திறந்தார். தட்டையாக விறைத்துக் கிடந்த பெரிய உப்பு மீனைச் செசிலியா விரலால் தட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா ஓட்டல்காரங்க மூக்கப் பிடிச்சாங்க? கருவாடுதானே."

உப்புப் போக ஊறவைக்க வேண்டும் என்று அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டாள். மறுநாள் அதைச் சதை சதையாகப் பிய்த்து, வெங்காயத்தையும் மெல்லிசாக நறுக்கி வறுத்த உருளைக்கிழங்கையும் சேர்த்து, முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினார் ஆல்வாரோ. அவர் அம்மா செய்கிற விதமாம். ஆலிவ் எண்ணெய் இல்லாததால் டின் வெண்ணெயைப் போட்டார். அந்த மீன் பண்டத்துக்குப் பக்காலியாவ் என்று பெயர் சொன்னார். செசிலியாவுக்கு அது சப்பென்று இருந்தது. பிலோமினா ஒரு பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டதும் சரியாகிவிட்டது. அவரும் அதை ஒத்துக்கொண்டார்; காரத்தில் கண் கலங்கினாலும் டெபாலை மறுபடி வாங்கிச் சாப்பிட்டார்.

மாதிரிக்குக் கொண்டுவந்த ஒயினையும் திறந்து எல்லாப் பயணிகளுக்கும் ஊற்றிக் கொடுத்தார். கருஞ்சிவப்பாக, இனிப்பாக இருந்தது. பூசையில் சாமியார் மட்டும் குடிக்கிற திராட்சை ரசத்தைத் தவிர செசிலியா அப்படி ஒன்றை அருகில் பார்த்ததில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, சாமியார் பங்கை எடுத்துக்கொண்டவள் மாதிரி சிலுவை போட்டுக்கொண்டாள். பிலோமினா ரவையும் வாதுமையும் போட்டுச் செய்திருந்த கிறிஸ்துமஸ் சூஜி கேக்கை வெட்டி வந்தாள். அதை ஒயினில் தொட்டுத் தின்னலாம் என்று சீன வியாபாரியின் மனைவி கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு கேக் வெகு நேரம் தாங்கவில்லை.

தண்ணீர் வடிந்து தண்டவாளம் சரியானதும் ரயில் கிளம்பியது. ஆல்வாரோ மிச்ச மீனை அவர்களிடமே விட்டுவிட்டுப் போனார். ஆ லோக் திரும்பி வந்து, தன் அடுப்படியில் அடித்த வினிகர் வாடையைப் பார்த்துக் கோபித்துக்கொண்டார். ஆனால் அடுத்த மாதங்களில் ரயிலில் வருகிறவர்கள் அந்த மலாக்கா கறி உண்டா என்று கேட்கத் தொடங்கினார்கள். வெள்ளத்தில் இருந்தவர்கள் ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பைப் பெண்களுக்கு விட்டுவிட்டு ஆ லோக் கடைத்தெருவில் சீட்டாடப் போனார். தனி அடுப்பைச் செசிலியா எப்போது எடுத்துப் போட்டாள் என்று லியோனார்ட் கவனிக்கவே இல்லை.

ஜூன் மாதம் மலாக்காவில் மீனவர்கள் கொண்டாடும் புனித பேதுரு திருநாளுக்கு பிலோமினா அவளையும் அழைத்துப் போனாள். பிலோமினாவின் அம்மா, அந்த லிஸ்பன்காரர் நம்முடைய பாஷையை எப்படிப் பேசினார் என்று ஆவலாகக் கேட்டாள். பிலோமினா யோசித்து, கொஞ்சம் தப்புத் தப்பாகத்தான் பேசினார், ஆனால் புரிந்தது என்றாள். அதைப் பிலோமினா தமிழில் திருப்பிச் சொன்னபோது செசிலியாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடற்கரையில் படகுகளுக்கு வர்ணம் பூசிக் காகிதப்பூ கட்டியிருந்தார்கள். பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். வாழையிலையில் சுட்ட மீனைப் பிலோமினாவின் அம்மா கொண்டுவந்து வைத்தாள். செசிலியா மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இதற்குக் கொஞ்சம் சோறு கிடைக்குமா என்று மலாயில் கேட்டாள். இரண்டு நாளில் திரும்புவதாகத்தான் அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அடுத்த வாரம்தான் போனாள்.